புத்தகத்தில் போட்டிருந்த எண்ணெய்

மோட்டார் சைக்கிளுக்குப் பணம் கொடுத்த அன்று திண்டிவனம் பட்டறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அப்பா, நான், பட்டறை மெக்கானிக், வண்டியை விற்ற வக்கீல் வீட்டின் குமாஸ்தா. வண்டிக்குச் சொந்தக்காரனான வக்கீல் மகன் வரவில்லை. அவன் மேல்படிப்புக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டிருந்தான். என் அண்ணனும் வரவில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குமாஸ்தாவின் கையில் அப்பா எண்ணி வைத்த எண்ணூற்றைம்பது ரூபாய், அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த ஏர்மாட்டு ஜோடியை முந்தின வாரம் விற்ற பணம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் சின்ன வயதிலேயே ஏர் பிடித்ததால் நான் பெஞ்சில் உட்கார முடிந்தது. பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே எங்களுக்கு இருந்தது மூன்று காணி மானாவாரி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் தவிர வேறு எதையும் கண்டதில்லை அந்த மண். பள்ளி இறுதி வகுப்பு முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகு, விழுப்புரத்தில் ஓர் உரக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளிடம் பேசும் வேலை. மாதம் நூற்று நாற்பது ரூபாய், பெட்ரோல் படி தனி. அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“சொந்தமா மோட்டார் சைக்கிள் இருக்கா?”

“இருக்குங்க” என்றேன். எங்கள் வீட்டில் மிதிவண்டிகூடக் கிடையாது.

ஒண்ணாம் தேதி காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். ஐந்து வாரம் இருந்தது. புது ஸ்கூட்டருக்குப் பேர் எழுதி வைத்தால் கைக்கு வர வருஷக் கணக்காகும் காலம் அது. பழைய வண்டிகளில் எங்கள் கைக்கு எட்டியது ஒன்றே ஒன்று. அதுவும் பந்தய வண்டி. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சீமைச் சரக்கு. வக்கீல் மகன் மெட்ராஸ் பக்கம் பந்தயங்களில் ஓட்டியது. ஆட்டுக்கடாக் கொம்பு போலக் கீழே வளைந்த கைப்பிடி, ஓர் ஆள் மட்டும் உட்காரும் இருக்கை, முன்பக்கம் எண் எழுதி அழித்த வெள்ளை வட்டம். அதில் உட்கார்ந்தால் குனிந்து கும்பிடுவது போல இருக்கும். உரம் விற்கப் போகிறவனுக்கு ஏற்ற வண்டி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. மலிவாக வேறு கிடைக்கவில்லை.

அப்பா அதைச் சுற்றி வந்து, “பின்னாடி யாரும் குந்த முடியாதா?” என்று கேட்டார். முடியாது என்றேன்.

வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். “தம்பி, இது ரேஸ்ல விளக்கெண்ணெய்ல ஓடின வண்டி. நான் எல்லாத்தையும் எறக்கிக் கழுவிட்டு சாதா ஆயில் ஊத்திக்கீறேன். இனிமே இதுதான். கொறைஞ்சா என்கிட்டயே வாங்கிக்கினு போங்க.”

கடைசி வாக்கியம்தான் என் மனத்தில் நின்றது. என்கிட்டயே வாங்கிக்கினு போங்க. அப்பா எழுத்து தெரியாமல் கைநாட்டு வைத்து ஏமாந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். படித்தவனிடமே வித்தை காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கருவிப் பெட்டிக்கு அடியில், பெட்டி ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகத்தை உருவினேன். வண்டியோடு சீமையிலிருந்து வந்தது. மெக்கானிக் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஓட்டப் பழகி, கடலூர் போய் லைசென்ஸ் வாங்கி வந்தேன். மற்ற நேரமெல்லாம் அந்தப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். எண்ணெய்ப் பக்கத்தில் ஆமணக்கு எண்ணெய் என்றுதான் போட்டிருந்தது. பந்தயத்துக்கு வேறெதுவும் கூடாது என்று தடித்த எழுத்தில். இதற்குள் தொட்டியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பட்டறையில் ஒரு டின் விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் வரப்போரம் முழுக்க ஆமணக்கு நிற்கிறது. அம்மா வருஷா வருஷம் கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெய் எடுக்கிறவள்.

ஒண்ணாம் தேதி காலையில் அம்மா ஜாடியைக் கொண்டு வந்தாள். நான் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். அண்ணன் மாடில்லாத கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஐந்து வாரத்தில் அவன் வண்டியைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

“மெக்கானிக்க ஒரு வார்த்த கேட்டுக்கினு ஊத்தேண்டா.”

“அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்றேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது. அதைச் சொல்லிக் காட்டிவிட்டேன் என்பது வாயை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. “படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திண்டிவனம் தாண்டிக் கூட்டேரிப்பட்டு வரை வண்டி பறந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் பின்பும் நான் இருந்ததில்லை. புகையில் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. அதைக்கூடப் பெருமையாக மோந்துகொண்டு போனேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் இன்ஜின் சத்தம் மாறியது. ஏதோ தேய்கிற சத்தம். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் அப்படியே இறுகிக்கொண்டது. வண்டி சறுக்கி, என்னைப் புளியமரத்தடியில் தள்ளிவிட்டு, தானும் சாய்ந்தது. வேட்டி கிழிந்து முழங்காலில் ரத்தம்.

வைக்கோல் பாரம் ஏற்றி வந்த ஒருவர் மாட்டுவண்டியை நிறுத்தி என்னைத் தூக்கிவிட்டார். மூக்கை உறிஞ்சினார். “இன்னா தம்பி, விளக்கெண்ணெய் வாசம் வருது? வயித்துக்குச் சேரலியா வண்டிக்கு?” என்று சிரித்தார். உதவி செய்தவர் என்பதால் நானும் சிரித்து வைத்தேன்.

வண்டியை ஒரு டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு பஸ் பிடித்து விழுப்புரம் போனபோது மணி பன்னிரண்டு. அதிகாரி கோபப்படவில்லை. என் வேட்டியையும் கையிலிருந்த கிரீஸையும் பார்த்தார். வண்டி வழியில் நின்றுவிட்டது என்று சொன்னேன். பத்தரைக்கே வேறோர் ஆளுக்குக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது என்றார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார். அந்த வேறோர் ஆளைப் பிறகு சந்தைகளில் பலமுறை பார்த்தேன். அன்று அவன் காட்டிய வண்டி அவனுடைய மச்சானுடையதாம். காட்டிவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வண்டி வைத்திருக்கும் மச்சான் எங்கள் உறவில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தபோது அப்பாவும் நானும் பக்கத்தில் நின்றோம். எண்ணெய் போகும் துவாரங்களில் கறுப்பாக வேப்பம்பிசின் போல ஏதோ அடைத்திருந்தது. அவர் அதை விரலால் வழித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். யார் ஊற்றச் சொன்னது என்று கேட்டார். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன். படிக்கச் சொன்னார். படித்துத் தமிழில் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

“புஸ்தகம் சரிதான். ஆனா உள்ள இருந்தது நான் ஊத்தின ஆயிலு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. நான் ஊத்தினது புஸ்தகத்துல எப்பிடித் தம்பி இருக்கும்?”

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன். அப்பா என்னைப் பார்க்காமல், “மாத்திப் போட இன்னா ஆவும்?” என்று அவரைக் கேட்டார். அவர் சொன்ன தொகை எங்கள் நிலத்தில் ஒரு காணியைக் கேட்டது. வேண்டாம் என்றார் அப்பா. நட்டு, போல்ட்டு, சக்கரம் என்று உதிரியாக எடுத்துக்கொண்டு மெக்கானிக் நூற்றறுபது ரூபாய் கொடுத்தார். அது அதிகம் என்று இப்போது தெரிகிறது.

ஊரில் எல்லோரும் உழுது முடித்த பிறகுதான் அண்ணனுக்குக் கூலி ஏர் கிடைத்தது. ஈரம் காய்ந்த மண்ணில் மல்லாட்டை போட்டான், பாதி முளைக்கவில்லை. மறு பட்டத்திலும் அப்படித்தான். நான் விழுப்புரத்தில் ஓர் அரிசி மண்டியில் சிட்டை எழுதப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார், மொத்தம் எவ்வளவு போச்சு என்று. கணக்குப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அண்ணனும் சோற்றில் கை வைத்தபடி காத்திருந்தான். வண்டி விலை, லைசென்ஸ், விக்கிரவாண்டியிலிருந்து லாரியில் ஏற்றி வந்தது, பிரித்துப் பார்த்த கூலி, இதில் உதிரிக்கு வந்ததைக் கழித்து, அண்ணன் இரண்டு பட்டத்துக்கு ஏர்க்கூலி கொடுத்ததைச் சேர்த்து, வாயாலேயே கூட்டிச் சொன்னேன்: தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று ரூபாய்.