நீலச் சட்டைக்காரியைத் தேடி வந்தவர்

1. முதல் நாள்

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஆர்டர் எடுக்கச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு சண்டையை மூட்டிவிட்டேன்.

மத்தியான நேரம். ஒரே மேசையில் இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லோரி ஓட்டுபவர், மற்றவர் ஆபீஸ்காரர். இரண்டு பேர் சாப்பாட்டையும் ஒரே பில்லில் போட்டு லோரிக்காரர் முன்னால் வைத்தேன்.

"யாருலா இந்த ஆளு? இவரு தின்ன மீனுக்கு நான் எதுக்குக் கட்டணும்?" என்று அவர் எழுந்துவிட்டார்.

ஆபீஸ்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கிட்ட யாரு சாப்பாடு கேட்டா?" என்று அவரும் எழுந்தார். முதலாளி வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஆளுக்கொரு தே ஓ, பால் போடாத தேநீர், கொடுத்து அனுப்பிவைத்தார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை. அவர்கள் சேர்ந்து வரவில்லை என்பது எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? நான் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். லயத்தில், தொழிலாளர் குடியிருந்த அந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவையே அங்கே இருந்ததில்லை. கடையில் அப்படி இல்லை. காலையிலிருந்து முன்பின் தெரியாத முகங்கள்தான்.

பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டு பேரும் சம்பல் கிண்ணத்தை ஒரு தடவைகூட ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளவில்லை. இடம் கிடைக்காமல் வந்து உட்கார்ந்தவர்கள். நான் மேசையைப் பார்த்தேனே தவிர கைகளைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கைகளைத்தான் பார்த்தேன்.

2. பழகிய கண்

இப்போது நான் அந்தக் கடையில் சூப்பர்வைசர். பத்துப் பேர் என் கீழே வேலை செய்கிறார்கள். ஆள் உள்ளே வந்து நாற்காலியை இழுக்கும் விதத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தச்சருக்கு மரம் தெரிகிற மாதிரி எங்களுக்கு மனிதர் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இந்த வேலை ஓடாது.

போனில் "வந்துக்கிட்டே இருக்கேன், பாதி வழி வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது ரொட்டி சானாய் கேட்பவரைத் தினமும் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற குடும்பம் எது என்றும் தெரியும். நிறைய ஆர்டர் செய்வார்கள், ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். மின்மினிப் பூச்சி பார்க்க கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் சாயங்காலமே வந்து, இருட்டட்டும் என்று போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள். சண்டை போட்டுவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டி ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள்.

காத்திருப்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். கண் வாசலில் இருக்கும். வாங்கிய தே ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

3. தூண் ஓரத்து மேசை

அது ஒரு சனிக்கிழமை காலை. பாசாருக்குக் காய்கறி வாங்க வந்த கூட்டமெல்லாம் கடையில் இருந்தது. தூண் ஓரத்தில் இருந்த சின்ன மேசையில் ஓர் அம்மா தனியாக வந்து உட்கார்ந்தார். அறுபதை ஒட்டிய வயது. பச்சைச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி. வெயிலில் வேலை செய்து கறுத்த கைகள். முகம் மட்டும் சீன முகம்.

"தங்கச்சி, சீனி கொறச்சு ஒரு தே குடும்மா" என்றார். சுத்தமான தோட்டத்துத் தமிழ்.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் பக்கத்தில் இது புதிது அல்ல. அந்தக் காலத்தில் வளர்க்க முடியாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தோட்டத்துத் தமிழர்களிடம் கொடுத்தது உண்டு. எங்கள் லயத்திலேயே அப்படி ஓர் அக்கா இருந்தார். தீமிதிக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நிற்பார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சீனப் பெரியவர் வந்தார். எழுபது இருக்கும். கட்டம் போட்ட சட்டை, தொப்பி, வெயிலில் உரிந்த மூக்கு. செகின்சான் பக்கத்துக் கடலோர ஆள் என்று பார்த்ததும் நினைத்தேன். வாசலைப் பார்த்த மாதிரி இருந்த மேசையில் உட்கார்ந்து பால் இல்லாத கோப்பி ஓ சொன்னார். கோப்பி வந்தது, தொடவில்லை. யாருக்கோ போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். பிறகு கடை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை தூண் ஓரத்து அம்மாவின் மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போய்விட்டது.

என்னைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். "தங்கச்சி, நீலச் சட்டை போட்ட சீனப் பொம்பளை யாராவது வந்தாங்களா?"

"பார்க்கலையே அங்கிள்" என்றேன். நீலச் சட்டை போட்டவர் யாரும் வரவில்லைதான்.

ஆனால் கல்லா பக்கம் திரும்பி நடக்கும்போது அந்த அம்மாவைப் பார்த்தேன். அவருடைய கண் வாசலில் இல்லை. அந்தப் பெரியவரின் மேல் இருந்தது. கையில் தே கிளாஸை இறுக்கிப் பிடித்திருந்தார். அதில் ஆடை கட்டியிருந்தது.

மேசை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். துடைக்க ஒன்றும் இல்லை. சும்மா துடைத்தேன்.

"அக்கா, வேற தே போட்டுக் கொண்டாரவா? இது ஆறிப்போச்சு."

"வேணாம்மா."

"அந்த அங்கிள் யாரையோ தேடுறாரு" என்றேன், மெதுவாக.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். என்னைத்தான் தேடுறாரு. என் அண்ணன்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"உள்ள நுழையும்போதே தெரிஞ்சிக்கிட்டேன். அந்தக் காதப் பாரு, அப்படியே என் காது. இதுக்கு முன்னால பார்த்ததே இல்லம்மா. கைக்குழந்தையா இருக்கும்போது குடுத்துட்டாங்க."

"அப்ப ஏன் அக்கா இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் தன் சேலை முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கிள்ளானில் நர்ஸாக இருக்கிற மகள்தான் தேடிக் கண்டுபிடித்து இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தாளாம். கூட வருவதாக இருந்தவள். திடீரென்று வார்டில் ஆள் இல்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள், அங்கே போனும் எடுக்க முடியாது. அம்மாவை அடையாளம் தெரியட்டும் என்று நீலச் சட்டையும் காலுக்குச் சிலுவாரும் வாங்கிக் கொடுத்து, அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார் என்று மாமாவிடம் சொல்லியும் வைத்திருக்கிறாள்.

"நான் போட மாட்டேன்னுட்டேன். என்னை வளர்த்தவங்க கட்டிவிட்ட மாதிரிதான் நான் வருவேன். என்னையும்தான் பார்த்தாரு. சேலைய மட்டும்தான் பார்த்தாரு. அவரு தேடி வந்தது தங்கச்சியையா, இல்ல ஒரு சீனச்சியையான்னு எனக்குத் தெரியணும். நீ போய்ச் சொல்லிடாத. சத்தியமா சொல்லிடாத."

"சொல்லலக்கா" என்றேன்.

கல்லாவில் இருந்த முதலாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். அண்ணன் என்கிற மாதிரி எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"குடும்ப விஷயம்லா இது. தப்பா ஏதும் ஆச்சுன்னா நம்ம கடையில வச்சு அழுதாங்கன்னு இருக்கும். நீ ஆர்டரைப் பாரு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நானும் ஆர்டரைப் பார்த்தேன். ஆனால் கண் அங்கேயே இருந்தது.

பெரியவர் இன்னும் ஒரு தடவை போன் போட்டார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். கல்லாவுக்கு வந்து காசு கொடுத்தார். தூண் ஓரத்து அம்மா அசையவே இல்லை. கண் மட்டும் அண்ணன் பின்னாலேயே போனது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவர், இன்னும் பத்தடி நடந்தால் போதும். அந்தப் பத்தடியை அவர் நடக்க மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வாசல்படிக்குப் போனவர் திரும்பி என்னிடம் வந்தார். முகமே சுருங்கிப் போயிருந்தது.

"நான் போனதுக்கப்புறம் அந்தச் சீனப் பொம்பளை வந்தா, அண்ணன் வந்துட்டுப் போனாருன்னு சொல்லிடுறியா?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை மீறவும் மனம் வரவில்லை, அவரைப் போகவிடவும் மனம் வரவில்லை. அந்த அம்மா தன்னை என்னவாக நினைக்கிறாரோ அதை மட்டும் சொல்லலாம் என்று தோன்றியது.

"சீனப் பொம்பளை யாரும் வரல அங்கிள்" என்றேன். "ஒரு தமிழ் அம்மாதான் ரொம்ப நேரமா யாருக்கோ காத்திருக்காங்க."

விரலை நீட்டவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

அவர் முதலில் புரியாமல் நின்றார். பிறகு மெல்லத் திரும்பிக் கடையைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் பார்வை தாண்டிப் போகவில்லை. தொப்பியைக் கழற்றினார். நெருக்கமாகக் கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு, "மாஃப், மாஃப்" என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தூண் ஓரத்துக்குப் போனார்.

நான் புதிதாக ஒரு தேயும் ஒரு கோப்பி ஓவும் போடச் சொன்னேன். யாரும் ஆர்டர் செய்யவில்லை. நானா தலையை ஆட்டினார்.

நான் தட்டோடு போனபோது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக இருந்தது அந்த மொழிதான்.

"உன் பேர் என்ன?" என்று அவர் கேட்டார்.

"லெட்சுமி."

"லெ... சுமி." இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வாயில் சரியாக வரவில்லை. "நான் உன் சேலையைப் பார்த்துட்டு வேற யாரோன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சிக்கம்மா. அம்மா இன்னும் இருக்காங்க. உன்னைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

லெட்சுமி அம்மா நான் வைத்த தேயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் அம்மா தவறிட்டாங்க. லயத்து வீட்டுல என் மடியிலதான் தவறினாங்க. நான் வர்றேன். ஆனா உங்க அம்மாவைப் பார்க்கத்தான் வர்றேன்."

அந்தப் பெரியவர் எதிர்த்துப் பேசவில்லை. "சரி," என்றார், "வா. அது போதும்."

பக்கத்து மேசையில் "அக்கா, ரொட்டி எங்க?" என்று கத்தினார்கள். நான் போக வேண்டியதாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பெரியவர் சீனி டப்பாவை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். லெட்சுமி அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

4. பிறகு

அடுத்த மாதம் லெட்சுமி அம்மா மகளோடு வந்தார். மகள் கை கழுவப் போனபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வேலை நேரத்தில் நாங்கள் உட்காருவதில்லை. அன்று உட்கார்ந்தேன்.

"போனேன்மா, செகின்சானுக்கு. இதே மாதிரி சேலை கட்டிக்கிட்டு, பொட்டு வச்சிக்கிட்டுத்தான் போனேன். படுக்கையில இருக்காங்க. கண்ணு மங்கிப்போச்சு. என் கையப் புடிச்சிக்கிட்டு, முந்தானையத் தடவித் தடவிப் பார்த்தாங்க. எதுக்குக் குடுத்தீங்கன்னு கேட்கணும்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன். அதுக்குள்ள அவங்க அவங்க பாஷையில ஏதோ கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"எனக்கு எங்க புரியுது? அண்ணன்தான் சொன்னாரு. சாப்பிட்டியான்னு கேட்கிறாங்களாம்."

தேயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் காலையில வீட்டுல நல்லாத் தின்னுட்டுத்தான் போனேன். ஆனா இல்லன்னுட்டேன். உடனே அந்த வீடே அல்லோலப்பட்டுப் போச்சு. அண்ணி மீனு பொரிக்கிறாங்க, கஞ்சி வைக்கிறாங்க. அந்தம்மா படுத்துக்கிட்டே, இன்னும் போடு, இன்னும் போடுன்னு சத்தம் போடுறாங்க. வயிறு முட்டத் தின்னேன்மா. நான் கேட்க நெனச்சதை அப்புறம் கேட்கவே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணை மட்டும் முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

கடை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆட்களைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கொஞ்ச நாளில் அது உங்களுக்கும் வந்துவிடும். ஆனால் கண்டுபிடித்ததை அள்ளிக் கொட்டாதீர்கள். ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ள விரும்புகிறாரோ, அந்த வார்த்தையைத் தேடி எடுத்து அதிலேயே சொல்லுங்கள். அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள்.