படத்தின் மூலையில் சுரண்டிய பெயர்

கோலாலம்பூரை ஜப்பான்காரன் பிடித்த வருடம் என் கணவருக்கு இருமல் விடவேயில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் குடியிருந்தோம். அவருக்கு எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. ஆஸ்பத்திரியில் அப்போது எக்ஸ்ரே பிலிம் கொஞ்சம் மிச்சமிருந்தது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலில் மிளகு அளவில் மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

“சின்னச் சின்னக் கட்டி. எப்பவோ வந்து ஆறிப்போன தழும்பா இருக்கலாம், கரித்தூளா இருக்கலாம், காசநோய் ஆரம்பமாவும் இருக்கலாம். இதுக்குன்னு மருந்து கிடையாது. ஓய்வு, முட்டை, பால், நல்ல காத்து, அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்து ரெண்டையும் வச்சுப் பாப்போம். வளரலைன்னா பயமில்ல. இத பத்திரமா வைங்க,” என்றார். நுரையீரல் நோயாளி என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

முட்டைக்கும் பாலுக்கும் எங்கே போவது? மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் எனக்குப் பெரிய பயம் கட்டியைப் பற்றியல்ல, அக்கம்பக்கத்தைப் பற்றித்தான். எங்கள் வரிசைக்கே ஒரு தண்ணீர்க்குழாய். முன்பு ஒரு வீட்டில் காசநோய் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் சீட்டை அடுப்பில் போட்டேன். இரண்டாவது படத்தோடு ஒப்பிட வேண்டுமே என்று படத்தை மட்டும் விட்டுவைத்தேன். அதன் மூலையில் இருந்த அவர் பெயரை பிளேடால் சுரண்டிவிட்டு, பாய்க்கு அடியில் ஒளித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், பாவி.

அடுத்த வருடம், டாக்டர் சொன்ன ஆறு மாசம் ஆகுமுன்பே, சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவரை அப்படியே பட்டியலில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. நோயாளிகளை விட்டுவிடுகிறார்களாம். படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மேசையில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த கிராணி தமிழர்தான். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“யாரு நெஞ்சும்மா இது?”

“எங்க வீட்டுக்காரருதுங்கய்யா.”

“பேரு இல்லையே. டாக்டர் சீட்டு எங்க?”

“எரிச்சிட்டேங்கய்யா. ஆஸ்பத்திரியில படம் எடுத்த டாக்டரையே கேளுங்க.”

“அவரத்தான் தைப்பிங்குக்கு மாத்திட்டாங்களே. சரி, உங்க வீட்டுக்காரர் பேரென்ன?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்களில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அன்று அத்தனை ஆண்கள் முன்னால் சொன்னேன். மூன்று தடவை கத்திச் சொன்னேன்.

“நீங்க சொன்னா ஆச்சாம்மா? ஜப்பான்காரன் கேட்டா நான் என்னத்த காட்டுறது? படத்துல பேரு இருக்கணும் லா,” என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்.

ரயிலுக்கு வரிசையில் நின்றவர் என் குரல் கேட்டுத் திரும்பினார். வழியனுப்பக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். வெட்கத்தோடு சிரித்து, கை காட்டிவிட்டு ஏறினார்.

ஜப்பான் சண்டை முடிந்தும் அவர் திரும்பவில்லை. இரண்டாவது படம் எடுக்கவேயில்லை, கட்டி வளர்ந்ததா ஆறியதா என்று எனக்குத் தெரியாது. அவரைக் காப்பாற்ற அந்த மூன்று புள்ளிகள் போதுமாயிருந்தன. நான்தான் விடவில்லை.