தோற்க விடாதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில், இளம்பிள்ளை வாதம் வந்த பெண்கள் தங்கிப் படித்த விடுதி ஒன்றில் வார்டனாக இருந்தேன். அவர்களைப் பார்க்குக்கோ சினிமாவுக்கோ கூட்டிப்போவதும் என் தலையில்தான். எங்களைக் கண்டதும் டவுன் பஸ்காரன் நாலடி தள்ளிப்போய்த்தான் நிறுத்துவான். ஒருத்தியைத் தூக்கி ஏற்றிவிட்டு அடுத்தவளிடம் திரும்புவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவான். நாசமாய்ப் போக!

அவர்களில் ஒருத்திக்குக் கேரம் என்றால் உயிர். பதினெட்டு வயது, இரண்டு காலிலும் தாங்கி நிற்க மாட்டிய இரும்புக் காலிப்பர். விடுதியில் என்னையும் சேர்த்து யாராலும் அவளை ஜெயிக்க முடியவில்லை. பக்கத்து மில் தொழிலாளர் மன்றத்தில் பொங்கலுக்குப் போட்டி என்று கேள்விப்பட்டதிலிருந்து என்னைப் பிய்த்து எடுத்துவிட்டாள்.

"வெளியாளுங்க கூட ஒருக்கா ஆடோணுங்கக்கா. எனக்கு நெசமாவே ஆட வருதான்னு தெரியோணும்."

மன்றம் மாடியில் இருந்தது. முனகிக்கொண்டே அவளை முதுகில் சுமந்து ஏறினேன்.

முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தாள். எனக்கே அலுப்பு கொஞ்சம் விட்டது. கடைசி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் போன வருஷம் ஜெயித்த மில்காரர். குழியோரம் நின்ற காயை, ஊதினாலே விழுந்துவிடும் காயை, தவறவிட்டார். அடுத்து ஸ்ட்ரைக்கரையே குழியில் தள்ளினார். சுற்றி நின்றவர்கள் "அடடா" என்று ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, வேணும்னே உடறீங்களா?"

"நீ ஆடு கண்ணு. நீ ஜெயிச்சா எங்களுக்குந்தான் சந்தோசமுங்க."

நல்ல மனுஷர். அவரை எப்படித் திட்டுவது?

"அப்ப முன்னால ஆடுனவங்களும்?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "காப்பி குடிக்கறியா அம்மணி?" என்றார்.

மீதிக் காய்களை அவள் கடகடவென்று போட்டு முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். கோப்பையை அவள் மடியில் வைத்து, எங்கள் இருவருக்கும் கும்பிடு போட்டு அனுப்பினார்கள்.

பாதிப் படியில் இறங்கும்போது என் கழுத்தருகே அவள் குரல் கேட்டது.

"ஏனுங்கக்கா, விடுதியில நீங்களும் இப்படித்தான் உட்டுக் குடுத்தீங்களா?"

"இல்ல சாமி, சத்தியமா நான் ஆடித்தான் தோத்தேன்."

உண்மையைத்தான் சொன்னேன். மூச்சு வாங்க நின்று மறுபடியும் சொன்னேன்.

"செரிங்கக்கா" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துவது போல.