நாலு குளிர்காலமும் ஒரு ட்ரெய்லரும்

நோலீன் ட்ரெகென்சாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. வடக்கே போய், சிவப்பு மணல்மேட்டின் மேல் உட்கார்ந்து ஒரு நாளாவது காலை டீ குடிக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் இதைப் பேராசை என்று எவனும் சொல்லிவிட முடியாது.

மூண்டா ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ரோட்ஹவுஸில், பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடையில், இருபத்திரண்டு வருஷம் இறைச்சி வைத்த பேஸ்டி சுட்டவள் அவள். குளிர்காலம் வந்தால் போதும், பாலைவனத்துக்குப் போகிற கூட்டம் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து பெட்ரோலுக்கு நிற்கும். மூன்று வாரம் கழித்து அதே ஜனங்கள் காதுமடல் வரை சிவப்புத் தூசியோடு திரும்புவார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். ஒருத்தரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, சும்மா சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

வேலையை விட்டு நாலு வருஷம் ஆயிற்று. கோடையில் வெயிலுக்குப் பயந்து பாலைவனப் பாதையைப் பூட்டிவிடுவார்கள், குளிர்காலத்தில்தான் போக முடியும். இதோ ஜூலை வந்து, நாலாவது குளிர்காலமும் பாதி போய்விட்டது. போதாக்குறைக்கு இடது முழங்கால் தேய்ந்து, அக்டோபரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் குலுங்குகிற ரோடே கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. அந்தப் 'பார்க்கலாம்' நோலீனுக்குப் பிடிக்கவே இல்லை. கூடாரம் போட்டுத் தரையில் படுத்தால் அவளைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். அதனால்தான் படுக்கையோடு விரிகிற கேம்பர் ட்ரெய்லர்.

அந்த ட்ரெய்லரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணவன் கிளைவிடம் விட்டதுதான் அவள் செய்த தப்பு. கிளைவ் உருக்காலையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர். எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டுவான். முதல் வருஷம், தரைக்கு வெறும் கான்வாஸ் விரிக்கிற ரகம் என்று முடிவு செய்தான். சேறானால் நாறிவிடும் என்று இணையத்தில் எவனோ எழுதினான், அது போச்சு. இரண்டாம் வருஷம், மூடியே பின்பக்கம் திறந்து பலகைத் தரையாகிற ரகம். அதன் வால் ஆற்றுப் பள்ளத்தில் இடிக்கும் என்று இன்னொருத்தன் சொன்னான், அதுவும் போச்சு. மூன்றாம் வருஷம் முன்பக்கம் விரிகிறது. நாலாம் வருஷம், பாதி கேரவன் மாதிரி ஒன்று. எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தான். பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள் அவள் கண்ணைக் குத்தியது.

"எது நொறுங்கி வந்துச்சு, எது முழுசா வந்துச்சுன்னு இருபத்திரண்டு வருஷம் கண்ணால பாத்தவ நான். என்னைக் கேளேன்," என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

"ஜன்னல் வழியாப் பாத்ததெல்லாம் கணக்குல வராது, நோல்," என்பான் கிளைவ்.

ஒரு வியாழக்கிழமை பக்கத்து வீட்டு டாரலுக்கே பொறுக்கவில்லை. "மாப்ள, என்னோடதை ரெண்டு மூணு நாள் வச்சு விரிச்சுப் பாரு. இல்லேன்னா உன் பொண்டாட்டி என்னோட கிளம்பிடுவா," என்று தன் ட்ரெய்லரைக் கிளைவின் வண்டியில் மாட்டிவிட்டான். முன்பக்கம் விரிகிற ரகம்.

கிளைவ் ஊரைச் சுற்றி வந்து வீட்டு வாசலில் தெருவிலேயே நிறுத்தினான்.

"உள்ள கொண்டு வாயேன்," என்றாள் நோலீன்.

"இங்கதான் தரை சமமா இருக்கு."

வீட்டுக்குள் வருகிற கான்கிரீட் பாதையை ரசமட்டம் வைத்துப் போட்டவனே அவன்தான். அதற்குள் குப்பை லாரி வந்துவிட்டது. தொட்டியை மறைத்து ட்ரெய்லர் நிற்கிறது. டிரைவர் ஹாரனை அழுத்தி, உள்ளே எடு என்று கை காட்டினான். வேறு வழியில்லாமல் கிளைவ் ஏறிப் பின்னால் எடுத்தான். ட்ரெய்லர் ஒரு பக்கம் திரும்பி வண்டியோடு மடங்கியது. முன்னால் போய் மறுபடி எடுத்தான், மறுபக்கம் மடங்கியது. மூன்றாவது தடவை, அவனே செங்கல் வைத்துக் கட்டிய தபால் பெட்டி சாய்ந்தது.

இறங்கி வந்தான். முகமெல்லாம் வியர்வை. "இந்த ரகத்துல கொக்கி சரியில்ல. தாள்ல இதையும் அடிச்சிடலாம்," என்றான்.

அப்போதுதான் நோலீனுக்குக் குட்டு விளங்கியது. நண்டு பிடிக்க, ட்ரெய்லரில் பின்னாலேயே போய்க் கடலில் இறக்குகிற படகு வாங்கி, ஒரே கோடையில் 'அலுத்துப்போச்சு' என்று விற்றவன். எந்தக் கேரவன் பார்க்குக்குப் போனாலும் நேராக உள்ளே போய் நேராக வெளியே வருகிற இடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன்.

"கிளைவ், உனக்கு ட்ரெய்லரைப் பின்னாடி எடுக்கத் தெரியாது."

அவன் தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த ஊர்ல பன்னெண்டு வயசுப் பையன்கூட எடுக்கறான், நோல். நான் போய் யார்கிட்ட கேக்கறது?"

அவள் சாவியைப் பிடுங்கி ஏறினாள். கிளட்சை மிதிக்கும்போது முழங்காலில் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில், சுவரில் உரசாமல், கொல்லைக் கொட்டகை வரை கொண்டுபோய் நிறுத்தினாள். லாரி டிரைவர் இறங்கி வந்து கைதட்டினான்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றான் கிளைவ்.

"ரோட்ஹவுஸ் குப்பையை வாரம் ரெண்டு தடவை ட்ரெய்லர்ல யாரு கொண்டுபோய்க் கொட்டினாங்கன்னு நினைச்ச?"

"யாராவது வேலைக்காரங்கன்னு..."

"நான்தான் அந்த வேலைக்காரி." சாவியை அவன் கையில் திணித்தாள். "நாலு குளிர்காலம், கிளைவ். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிருக்கும். என் கால் நல்லா இருந்தப்பவே போயிட்டு வந்திருக்கலாம்."

டாரலின் ட்ரெய்லரை விரித்தார்கள். படுக்கை உச்சியில் இருந்தது, ஏணியில் மூன்றாவது படியோடு முழங்கால் நின்றுவிட்டது. ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் எடை இருந்தது, உயரம் இருந்தது, தண்ணீர்த் தொட்டி அளவு இருந்தது. அவள் கால் எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஆயிரம் கிலோமீட்டர் கிளட்ச் மிதிக்க அவளால் ஆகாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஃபுட்பால் மைதானத்தில், டாரலின் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, கிளைவ் டிரைவர் சீட்டிலும், அவள் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது தடவையும் மடங்கியது. கிளைவ் வண்டியை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"நோல், எந்த மாதிரி வாங்கலாம்?"

நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான்.

"பின்பக்கம் திறக்கறது. பலகைத் தரை, படுக்கைக்கு ரெண்டே படி. வயசானவங்க கொண்டுபோனதுல அதான் முழுசாத் திரும்பி வந்துச்சு."

"அதோட வால் பள்ளத்துல இடிக்குமே."

"இடிக்கட்டும். இறங்கிப் பாத்துக்கலாம். இப்ப பின்னாடி எடு," என்றாள் நோலீன்.