தென்பக்கம் நின்று எடுத்த ரயில்

ரயிலைப் படம் எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ரயில் படம் எடுத்தவன் போடியில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஏலத் தோட்டத்தில் மூட்டை தூக்கினேன். மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவும் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு போடிக் கடைத்தெருவில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டேன். நான் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

எழுபதுகள் முடியப் போகிற நேரம். மதுரைக்கும் போடிக்கும் குறுகிய பாதையில் கரி இஞ்சின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் ஒருவன் என் கடைக்கு அடுத்த சந்தில் இருந்தான். தகப்பன் இல்லை, அம்மா மட்டும்தான். போடி பஸ் ஸ்டாண்டில் சிலமலைப் பெண் ஒருத்தியைப் பார்த்து, தான் ஏற வேண்டிய பஸ்ஸைக் கோட்டைவிட்டவன். விசாரித்தால் முறைக்கும் சரியாக வந்தது. அம்மா பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். மாப்பிள்ளை போட்டோ கொடுங்கள் என்றார்கள்.

நான்தான் எடுத்தேன். கோட்டு மாட்டி, பவுடர் போட்டு, பின்னால் தாஜ்மகால் திரை. ராஜா மாதிரி இருந்தான். படம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

காரணம் இருந்தது. அந்த வீட்டு மூத்த பெண்ணை, மில்லில் சூப்பர்வைசர் என்று சொல்லி ஒருவனுக்குக் கட்டி வைத்திருந்தார்கள். தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது, அவன் அந்த மில்லின் வாசலைக் காக்கிறவன் என்று. அதனால் இளையவள் ஒரே பிடியாக நின்றாள்: ரயிலில் வேலை என்றால் ரயிலோடு படம் வேண்டும். இதற்கிடையில் மலைமேல் ஏலத் தோட்டத்து மேஸ்திரி ஒருவரும் பெண் கேட்டு, முதலாளியின் ஜீப்பிலேயே வந்து இறங்கிவிட்டுப் போயிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு ஜீப்பின் மேல் கண். ஆடி நடந்துகொண்டிருந்தது. ஆவணி பிறந்ததும் யாராவது ஒருவருக்குச் சொல் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

என் கேமராவால் ஆகவேண்டிய கல்யாணம்! எனக்குத் தூக்கம் வருமா? ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஃபயர்மேன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தான். அவன் அம்மா விடுவாளா, ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கரைத்து எடுத்து வந்து, படத்தில் இருக்கப் போகிற இன்னொரு ஆள் என்கிற மாதிரி, இஞ்சின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்துவிட்டாள். வண்டி ஓட்டுகிற டிரைவர், நரைத்த மீசைக்காரர், மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆத்தா, பொட்டு வச்சு இதையும் புகுந்த வீட்டுக்கு அனுப்பப் போறியா? அப்புறம் நான் மதுரைக்கு நடந்துதேன் போகணும்."

"நல்ல காரியத்துக்கு நிக்குது, வெறும் நெத்தியா நிக்கலாமா?" என்றாள் அவள்.

இஞ்சின் எண் முதல் பொட்டு வரை பளிச்சென்று விழுந்த படம் அது. இரண்டு நாளில் பெண்ணின் அத்தை அந்தப் படத்தோடு என் கடைக்கு வந்தாள். போடிச் சந்தைக்குக் காய் கொண்டுவருகிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சேதி சொல்வதும் அவள்தான்.

"என்னப்பு, இது ரயிலா தேரா? பொட்டும் கிட்டும் வச்சு, பக்கத்துல பூசாரி மாதிரி ஒரு ஆளு."

"ரயில்தான் அத்தை. நம்பரே தெரியுது பாருங்க."

"நம்பரு தெரியுது. அவரு அதுல சோலி பாக்குறது தெரியலையே. எங்க பிள்ள என்ன சொல்லுது தெரியுமா? 'டேசனுக்குப் போனா நானுந்தேன் இஞ்சினுக்குப் பக்கத்துல நிப்பேன், என்னைய டிரைவருன்னு சொல்லிருவியளா'ங்குது."

சுருக்கென்றது. அடுத்த நிமிடமே உடம்பெல்லாம் ஒரு துள்ளல். அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி! நிற்கிற இஞ்சின் இரும்புக் கொட்டகை. அதன் பக்கத்தில் நிற்கிறவன் வழியனுப்ப வந்தவன். ரயில் என்றால் போகவேண்டும். மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கிழக்கே பார்த்துக் காலை வண்டி கிளம்புகிறதே, அந்த முக்கலும் முனகலும் படத்தில் கேட்க வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே, சிக்னலைத் தாண்டி, பாதையோரம் ஓர் உடைமரம் உண்டு. அங்கே நின்றால் மேற்கே மலை முழுக்கத் தெரியும். ஆடி மாதத்தில் காலைச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து வருவான். ஆகவே மரத்துக்கு எதிர்ப்பக்கம், பாதைக்கு வடபுறம் நின்றேன். வெயில் தண்டவாளத்தின் மேல் தங்கமாகக் கிடந்தது. என் இரட்டைக் கண் கேமராவை நெஞ்சோடு பிடித்துக் குனிந்து பார்த்தேன். வண்டி வந்தது. என்ன வரத்து! வந்த கையோடு, கணவாய் வழியாகக் கிளம்பி வருகிற ஆடிக் காற்று பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது. மொத்தப் புகையும் இஞ்சினுக்கு முந்திக்கொண்டு வடக்கே சாய்ந்து என் மேல் கவிழ்ந்தது. கழுவிப் பார்த்தால், கறுப்புக் கம்பளியை உலர்த்தப் போட்ட மாதிரி ஒரு படம். ஐப்பசி வரை பொறுத்தால் காற்று திரும்பிவிடும். ஆவணி பொறுக்குமா?

அன்று சாயங்காலம் வண்டி வந்ததும் ஃபயர்மேனைக் கடைக்கு இழுத்து வந்தேன்.

"வெயிலும் வடக்க, பொகையும் வடக்க. உன் நேரம்டா மாப்ளே!"

"அண்ணே, வடக்க நின்னா என்னைய எப்படிண்ணே பாப்பீக? அந்தப் பக்கம் டிரைவரு அய்யா உக்காந்திருப்பாரு. என் எடம் தெக்காம."

"இதை மொதல்லயே சொல்லித் தொலையக் கூடாதா?"

"நீங்க எங்கண்ணே சொல்ல விட்டீக?"

தென்பக்கம்! தென்பக்கம் நின்றால் புகை நம்மை விட்டு விலகிப் போகும். ஆனால் அந்தப் பக்கம் நிழல். நிழல் பக்கம் நின்று எவனும் படம் எடுக்க மாட்டான். மதுரை ஸ்டூடியோவில் எனக்கு முதலில் சொன்ன பாடமே அதுதான்.

"தெக்க இருட்டால்ல கெடக்கும். உன் மூஞ்சிக்கு வெளிச்சம் எங்கேருந்துடா வரும்?"

"இருட்டா? அடுப்புக் கதவத் தொறந்தம்னா மூஞ்சி வெந்து போகும்ணே."

"வேகட்டும்!" என்று கத்திவிட்டேன். வெளியே போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மறுநாளே டிரைவரைப் போய்ப் பிடித்தேன். மரத்துக்கு முன்னால் ஒரு ஊதல் ஊதவேண்டும், ஊதியதும் இவன் கதவைத் திறந்து கரி போடவேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"ஊதுறேன்," என்றார் அவர். "கல்யாணப் பந்தியில எனக்கு முன்னுக்கு எலை போடச் சொல்லு. போன கல்யாணத்துல பாயசம் வாரதுக்குள்ள வண்டிக்கு நேரமாயிருச்சு."

பவுடர் வேண்டாம், வேட்டி வேண்டாம், போட்டிருக்கிற நீலச் சட்டையோடே இரு என்று ஃபயர்மேனுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். அவன் அம்மாவுக்குத்தான் மனசில்லை.

"கரிமூஞ்சியோடவா பொண்ணு வீட்டுக்குப் படம் அனுப்புறது?" என்றாள். "அப்பு, நீ தெரிஞ்சுதேன் செய்யிறியா?"

"என்னைவிடத் தெரிஞ்சவன் தேனி வரைக்கும் இருந்தாக் கூட்டியா ஆத்தா" என்றேன்.

அடுத்த நாள் காலை உடைமரத்தடியில் நின்றேன். காற்று வேட்டியைப் பிடுங்கியது. ஒரு கிளிக் அடித்தால் கையால் பிலிமைச் சுற்றிவிட்டுத்தான் அடுத்தது. அதற்குள் வண்டி பறந்துவிடும். ஆக ஒன்றே ஒன்றுதான். ஸ்டேஷனில் புகை கிளம்பியது. தரை அதிர்ந்தது. ஊதல்! இஞ்சின் மூக்கு என்னைத் தாண்டியது, சக்கரங்கள் தாண்டின, டிரைவரும் இவனும் நிற்கிற அந்த இருட்டறைக்குள் திடீரென்று அடுப்புக் கதவு திறந்தது. ஐயோ, அந்த வெளிச்சம்! மண்வெட்டியோடு வளைந்து திரும்பிய அவன் கன்னமும் நெற்றியும் கைநரம்பும் தீயில் எழுதியது போல ஒரு கணம் எழும்பின. அடித்தேன்.

கடைக்கு ஓடி, கதவைச் சாத்தி, பிலிமைக் கழுவிக் காயவைத்து, சிவப்பு விளக்கில் தாளை மருந்துத் தண்ணீரில் ஆட்டினேன். முதலில் வந்தது புகை. பிறகு மலை, வெளிறி, பனி மூடி. பிறகு இஞ்சினின் கறுப்பு. முகம் வரவில்லை. தாளை இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். கடைசியில், அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு கன்னம் வந்தது, கண் வந்தது, தூக்கிய கை வந்தது. தனியாக நின்று கை தட்டினேன்.

கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் படத்துக்குப் பளபளப்பான இஞ்சின் தேவையில்லை. அந்த இரும்பை ஒருவன் தள்ளிக்கொண்டு போகிறான் என்று பார்த்தவுடன் உறைக்க வேண்டும். வெளிச்சம் வெயிலிலிருந்து வராமல், அந்த மனிதன் திறக்கிற அடுப்பிலிருந்து வந்தாலும் சரிதான். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை; ஒரு சிலமலைப் பெண் குறை சொல்லப் போய் நானே கண்டுபிடித்தது.

படத்தை நானே சைக்கிளில் கொண்டுபோனேன். பெண்ணின் அப்பா வாங்கித் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"என்னய்யா, மூஞ்சி பூராம் கரியால்ல இருக்கு?"

கதவோரம் நின்ற பெண் படத்தைக் கை நீட்டி வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கரி கழுவுனாப் போயிரும்ப்பா. அந்த ஜீப்புக்காரரு முழிச்ச முழிய எதைப் போட்டுக் கழுவுறது?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முடிந்தது கல்யாணம் என்று எழுந்தேன். அவள் விடவில்லை.

"அண்ணே, இதுவும் நீங்க சொல்லி வச்சு எடுத்ததுதானே?"

"ஊதச் சொன்னேன். கதவைத் தொறக்கச் சொன்னேன். கரி அள்ளச் சொல்லித் தரலையேம்மா."

"அக்காவுக்கும் இப்படித்தேன் ஒரு அண்ணன் வந்து சொன்னாரு. நான் நேர்ல பாக்கணும். நாளைக்கே பாக்கணும். அவருக்குச் சொல்லக் கூடாது."

மறுநாள் காலை அத்தையோடு உடைமரத்தடிக்கு வந்துவிட்டாள். நானும் போனேன், சும்மா இருக்க முடியுமா! ஃபயர்மேனுக்குச் சொல்லவில்லை, டிரைவருக்கும் சொல்லவில்லை. அன்று அவனுக்கு டூட்டி உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. வேறு எவனாவது அந்த இடத்தில் நின்றால்? இவன் பாட்டுக்கு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு வந்தால்? என் படம் பொய்யாகிவிடும். முகத்தைத் துடைத்துத் துடைத்து ஸ்டேஷன் பக்கமே பார்த்தேன்.

"என்னப்பு, உனக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி வேர்க்குது?" என்றாள்.

வண்டி கிளம்பியது. ஊதல் இல்லை. மூக்கு தாண்டியது, சக்கரங்கள் தாண்டின. அவன்தான்! குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, கதவு திறந்த வெளிச்சத்தில் கரியை அள்ளி எறிந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, கேமராவை ரயிலை விட்டுத் திருப்பினேன். பெட்டிகள் சூரியனை மறைத்து மறைத்துப் போக, ஜன்னல் ஜன்னலாக வெயில் அந்தப் பெண்ணின் முகத்தில் ஓடியது. ஒரு கை பறக்கிற முந்தானையைப் பிடித்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. அடித்தேன்.

வண்டி போன பிறகும் அவள் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆவணியிலயே வச்சுக்கிருவோம்னு அப்பாட்ட சொல்லிரு."

"நானா சொல்லணும்? வெரசா நட, நீயே சொல்லு."

ஆவணியில் கல்யாணம். டிரைவருக்கு முதல் பந்தியில் இலை, இரண்டு தடவை பாயசம். ஃபயர்மேன் படத்தைப் பெரிதாக்கி என் கடை முகப்பில் மாட்டினேன். அதற்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் படம். மாப்பிள்ளை ஒரு நாள் கடைக்கு வந்தவன், இரண்டாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

"இது எங்கண்ணே எடுத்தீக?"

"இதுவும் ரயில் படந்தான்டா. உடைமரத்தடி."

"ரயிலவே காணோம்? அங்க எப்ப வந்துச்சு இது? நான் பாக்கலையே!"

"நீ எங்கடா பாத்த? கரி அள்ளிக்கிட்டிருந்த. கரியை விட்டுட்டுப் பாத்திருந்தா அந்த ஜீப்புக்காரருக்குல்ல கல்யாணப் பந்தி நடந்திருக்கும்" என்றேன்.