மாசிக்கு ஒரு குடம் தண்ணீர்

தேவாரத்து ஏலக்காய் குடோனில் காய் ஆய்ந்து தரம் பிரிக்கும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேசிக்கொண்டே ஆய்கிறவளுக்குக் கை ஓடாது. ஆய்ந்த காயின் எடைக்குத்தான் கூலி. அதனால் யாராவது கதை சொன்னால், கேட்கிறவர்கள் தங்கள் சுளகிலிருந்து ஆளுக்கு ஒரு கை காய் அள்ளி அவள் சுளகில் போட்டுவிடுவார்கள். யாரும் கேட்டு வாங்குவதும் இல்லை, போடாமல் இருப்பதும் இல்லை.

அந்தக் காய் திங்கட்கிழமைதோறும் மாரீஸ்வரிக்கு விழுந்தது. மற்ற நாட்களில் வாய் திறக்காதவள் அவள். தேனியில் கல்லூரி முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே காய் ஆய வந்தவள். வந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை கண் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த முனீஸ்வரி சும்மா இருக்கவில்லை.

“எவன்டி அவன்?”

“யாரும் இல்லக்கா.”

“கண்ணு இம்புட்டு வீங்கிருக்கு, யாரும் இல்லையாம்ல. இந்த ஊருக்காரனா, கம்பத்துக்காரனா?”

“ஜப்பான்காரன்க்கா,” என்றாள் மாரீஸ்வரி. வேறு வழி தெரியவில்லை.

முனீஸ்வரியின் கை சுளகிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது ஒரு அனிமே தொடர். பெயர் ‘பனிக்கடல்’. மசாகி என்று ஒரு பையன். பனி மூடிய கடலுக்குள் போன அப்பாவைத் தேடி, ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு படகில் கிளம்புகிறான். விளக்கை ஏற்றினால் வழி தெரியும். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தெரிந்த ஒருவரை மறந்துபோவான். முந்தின நாள் வந்த பகுதியில் அவன் தன் அம்மாவை மறந்திருந்தான். அதற்குத்தான் அந்த அழுகை.

“பெத்த தாயவா மறந்தான்?” என்றாள் எதிரில் இருந்த ஷரீபா. மாரீஸ்வரியின் சுளகில் முதல் கை காய் விழுந்தது அவளிடமிருந்துதான்.

மசாகி அங்கே மாசி ஆனான். கதை நடக்கும் தீவுகளும் மூணாறு, தேக்கடி போலப் பழகிப்போயின. குடோனில் எடை போடும் மேஸ்திரி விஜய்ராஜ், “பேச்சைக் குறைங்க, காயப் பாருங்க” என்று சத்தம் போடுவார். ஆனால் திங்கட்கிழமை மட்டும் தராசை இழுத்து இவர்கள் பக்கம் போட்டுக்கொள்வார்.

மாரீஸ்வரி அந்தத் தொடரைப் பிளஸ் ஒன் படிக்கும்போது பார்க்கத் தொடங்கியவள். ஜப்பானிய மொழியில் பேசுவார்கள், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். தமிழ் வழியில் படித்த பெண்ணுக்குப் பாதி ஆங்கிலம் அந்த எழுத்துகளைத் துரத்தித் துரத்தி வந்ததுதான். வருடக்கணக்கில் ஓடியது தொடர். நடுவில் நின்றது, மறுபடி தொடங்கியது. வரைகிறவர்கள் மாறி, கொஞ்ச காலம் மாசியின் மூக்கே வேறு மாதிரி இருந்தது. கதைக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லாமல் ஒரு சமையல் போட்டியை வாரக்கணக்கில் இழுத்தார்கள். விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தாள். பையனைக் கடல் நடுவில் விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது?

குடோனில் சொல்லத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் நடந்தது. அவள் தனக்காகப் பார்ப்பது நின்றுபோயிற்று. பார்க்கும்போதே இந்த இடத்தில் ஷரீபா அக்கா சிரிப்பாள், இந்த இடத்தில் முனீஸ்வரி அக்கா திட்டுவாள் என்று மனசு அடுக்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உறவில் கல்யாணம் என்றாலும் போகமாட்டாள். தேர்வுக்கு முந்தின நாள்கூடப் பார்த்தாள். அது ஆசையா, வேலையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

இந்த வருடம் சித்திரையில் தொடர் முடிகிறது என்று அறிவித்தார்கள்.

கடைசிக்கு முந்தின பகுதியில் மாசி விளக்கை ஏற்றிவிட்டான். அவன் நினைவில் மிச்சம் இருந்தது தங்கச்சி ஒருத்திதான். அவளும் நினைவைவிட்டுப் போய்விட்டாள். விளக்கும் அணைந்தது. படகு பனிக்குள் மறைந்தது. திங்கட்கிழமை இதைச் சொல்லி முடித்தபோது முனீஸ்வரி தலையில் கையை வைத்துக்கொண்டாள். வீரபாண்டி கவுமாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்த நேரம் அது. முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் அந்தக் கம்பத்துக்கு ஊற்றப் போகிற பேச்சுதான் ஊரெங்கும்.

“ஆத்தா கவுமாரி,” என்றாள் முனீஸ்வரி சத்தமாக. “அந்தப் பய நல்லபடியா வீடு வந்து சேரட்டும். கம்பத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துறேன்.”

குடோனே சிரித்தது.

“ஏங்க்கா, ஜப்பான்காரப் பயல ஆத்தாவுக்கு அடையாளம் தெரியுமா?” என்றாள் ஷரீபா.

“அதெல்லாம் தெரியும். நீயும் ஒங்க பள்ளிவாசல்ல ஒரு வார்த்தை சொல்லி வையி.”

“சொல்லிட்டாப் போச்சு. ரெண்டு பக்கமும் சொல்லி வச்சா எந்தப் பக்கமாச்சும் கரையேறிருவான்.”

கஸ்தூரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் மூத்தவள், கோயில் காரியத்தில் கறார்.

“நேந்துட்டேல்ல, இனி வெளாட்டு இல்ல. அவன் வந்தா ஊத்தணும். வரலேன்னா அங்கன போகக் கூடாது. ரெண்டுங்கெட்டானா நிக்க வச்சா ஆத்தா சும்மா விடமாட்டா.”

முனீஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. கடைசிப் பகுதியை எப்போதோ வரைந்து முடித்திருப்பார்கள், இப்போது நேர்ந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று மாரீஸ்வரி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். அவன் செத்தால் செத்தான் என்றுதான் வந்து சொல்லவேண்டும். கதையை மாற்றிச் சொல்ல அவளுக்கு வராது.

அந்த வாரம் முழுக்க மாசி பிழைக்கவேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள். எப்படியாவது முடிந்து தொலையவேண்டும் என்று அதைவிட அதிகமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். பனி விலகுகிறது. கரையில் மாசி கிடக்கிறான். உயிர் இருக்கிறது. ஊர் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. தங்கச்சி வந்து பார்க்கிறாள். தான் யார் என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் மீன் குழம்பும் வைக்கிறாள். அவன் ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்புப் பத்தல” என்கிறான். அவள் திரும்பாமலே போய் உப்புச் சட்டியை எடுக்கிறாள். அவள் தோள் குலுங்குகிறது. முகத்தைக் காட்டவில்லை. திறந்த கதவு வழியே கடல் தெரிகிறது. முற்றும்.

போனில் தொடரின் மற்ற ரசிகர்கள் அதற்குள் எழுதிக் கத்தத் தொடங்கியிருந்தார்கள். இதற்கா இத்தனை வருடம், ஏமாற்றிவிட்டார்கள், இதைவிடக் கொன்றிருக்கலாம். கொஞ்ச நேரம் படித்துவிட்டு மூடினாள். அழுகை வரும் என்று கைக்குட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். வரவில்லை. புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. இப்படி இருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் கூட வந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையா?

அப்புறம்தான் முனீஸ்வரியின் ஞாபகம் வந்தது. வந்தானா, வரவில்லையா? ரெண்டுங்கெட்டானாக அல்லவா முடித்திருக்கிறார்கள்.

மறுநாள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். உப்புச் சட்டியில் நிறுத்தினாள்.

“அப்புறம்?” என்றாள் முனீஸ்வரி.

“அம்புட்டுதான்க்கா.”

“என்னடி அம்புட்டுதான்? அவனுக்கு நெனப்பு வந்துச்சா இல்லையா?”

“காட்டலக்கா.”

“சமையல் போட்டியெல்லாம் வாரக்கணக்குல காட்டுனாக, இதக் காட்டலையாக்கும்!”

தராசுக்குப் பின்னாலிருந்து விஜய்ராஜ் சொன்னார்: “ஆளு வந்துட்டான், நெனப்பு வரல. பாதிக் கொடம் ஊத்துங்க, கணக்குச் சரியாப் போயிரும்.”

“ஒம்ம எடையப் பாரும்யா. ஆத்தாகிட்டப் போயி எட போடுறாரு!”

“நான் சொல்றேன், அவன் வந்துட்டான்,” என்றாள் ஷரீபா. “எங்க வீட்டுக்காரக விருந்துக்குப் போன எடத்துல உப்பே இல்லேன்னாலும் பேசாமத் தின்னுட்டு வருவாக. வீட்டுல மொத வாயி வைக்கங்குள்ள ‘என்ன, உப்பக் காணோம்’பாக.”

“கடல்லயே கெடந்த பயலுக்கு எம்புட்டுப் போட்டாலும் பத்தாதுடி,” என்றாள் முனீஸ்வரி. சிரிப்பாகச் சொன்னாலும் குரலில் சிரிப்பில்லை. “பெரியம்மா, நீ சொல்லு. ஊத்தவா, வேணாமா?”

கஸ்தூரியம்மாள் மாரீஸ்வரியைப் பார்த்தாள். “நான் என்னத்தச் சொல்ல? கண்ணால பாத்தவ அவதான. ஏத்தா, நீ சொல்லு. வந்தானா?”

இத்தனை நாளில் மாரீஸ்வரியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று அவளும் சொன்னதில்லை. காட்டியதைச் சொல்வாள், அதோடு சரி. எல்லாக் கையும் நின்றிருந்தது. அவள் ஒரு வெடித்த காயை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

“வந்துட்டான்க்கா,” என்றாள். “அவன் உப்புப் பத்தலேன்னு சொன்னப்ப அந்தப் புள்ள திரும்பிக்கூடப் பாக்கல. அன்னியன் சொல்லிருந்தா மொகத்தத் திரும்பிப் பாத்துருப்பா. இவ நேரா உப்பு எடுக்கப் போயிட்டா. அதே பழைய அண்ணன்தான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவனுக்குத் தெரியாட்டி என்ன, மெதுவாத் தெரிஞ்சுக்கிருவான்.”

கஸ்தூரியம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். “வீட்டாளுக்குத் தெரிஞ்சாச் சரிதான். முழுக் கொடமா ஊத்து.”

முனீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாவிப் பய, ஒரு வாரம் சோறு எறங்கலடி எனக்கு,” என்றாள். விஜய்ராஜ் தராசைத் தன் இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை மாரீஸ்வரியும் வீரபாண்டிக்குப் போனாள். ஆற்றிலிருந்து கோயில்வரைக்கும் ஈரத் தலையும் குடமுமாகக் கூட்டம். முனீஸ்வரி வேப்பிலை செருகிய குடத்தோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற சின்னமனூர்ப் பெண் திரும்பி, “யாருக்கக்கா நேத்திக்கடன்?” என்று கேட்டாள்.

“தம்பிக்கு,” என்றாள் முனீஸ்வரி, கண்ணிமைக்காமல். “கடலுக்குப் போனவன். இப்பத்தான் வந்து சேந்தான்.”

“ராமேஸ்வரம் பக்கமா?”

“அதுக்கும் அங்கிட்டு.”

மாரீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பிவிட்டாள். வெகுநேரம் சிரித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தேர்வுப் புத்தகத்தோடு படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அம்மா வந்து விளக்கைப் போட்டபோதுதான் எழுந்தாள். தொடர் வரும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. போனை எங்கே வைத்தோம் என்று தேடவில்லை. புரண்டு படுத்து இன்னும் கொஞ்சம் தூங்கினாள்.