போர்டக்கா துடைக்காமல் விட்ட மிஷின்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் எட்டடி அகலத்தில் ஒரு கடை. அதில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, ஊருக்கு அவள் போர்டக்கா. மடிக்கணினியின் மதர்போர்டை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, எறும்புத் தலை அளவு பாகத்தைச் சூடு வைத்துப் பிடுங்கி, புதியதை ஒட்டுகிற கை அவள் கை. படித்தது ஏழாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் போகவில்லை. டிவி ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்கப் போனவள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தே தொழிலைக் கற்றாள். பட்டம் வாங்கியவர்கள் கைவிட்ட மிஷினுக்கு அவள் உயிர் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை. ஏன் இருக்க வேண்டும்?

"உள்ள நடக்கிற பாடம் பாதி, என் மேஜை வழியாப் போயிட்டு வந்த மிஷின்லதான் நடக்குது"என்பாள், சால்டரிங் குச்சியை நீட்டிப் பல்கலைக்கழகத்தைக் காட்டி.

இப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்தவளுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வயிறு எரியும். அந்த இடம் நாத்தனார் வீடு.

நாத்தனார், புருஷனின் தங்கை. இரண்டு பட்டம், வங்கியில் நாற்காலி, மூக்கு நுனியில் ஒரு பெருமை. அவளுடைய மகனுக்கு நாலு வயதிலேயே கண்ணாடி போட்டார்கள். அன்றிலிருந்து குடும்பத்துக்கே அவன் 'கண்ணாடி'. போர்டக்காவின் மகள் பாப்பாவும் அவனும் ஒரே வயது, ஒரே துறை, ஒரே வகுப்பு. கணினி அறிவியல். அவன் நுழைவுத் தேர்வில் முதல் பத்துக்குள் வந்தான். பாப்பா கடைசிப் பட்டியலில், கதவு மூடப் போகிற நேரத்தில் உள்ளே போனாள். அன்றைக்கு நாத்தனார் போனில் சொன்னது ஒரே வாக்கியம். "எப்படியோ கெடச்சுதே அண்ணி, அதுவே பெரிசு."

அந்த 'எப்படியோ' போர்டக்காவின் தொண்டையில் மூன்று வருடம் முள்ளாகவே நின்றது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் கண்ணாடிக்குப் புது மடிக்கணினி வாங்கினார்கள். பழையது போர்டக்காவின் கடைக்கு வந்தது. விசிறி கத்தியது, திரையின் கீல் உடைந்திருந்தது, மற்றபடி நல்ல மிஷின். அவள் அதைப் பாப்பாவுக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

யார் மிஷினை யாருக்குக் கொடுத்தாலும் டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்து, முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பது அவள் வழக்கம். அந்த ஒரு மிஷினை மட்டும் அவள் துடைக்கவில்லை. மறதியால் அல்ல. முதல் மார்க் வாங்குகிறவன் இரண்டு வருடமாகத் தேடித் தேடி உள்ளே போட்டு வைத்ததெல்லாம் அதில் இருந்தது. அவனுக்கு மட்டும் என்ன மாயம் தெரியுமோ, அது என் மகளுக்கும் இருக்கட்டுமே என்ற ஆசை. அவனுடைய படங்கள், கடிதங்களை மட்டும் அழித்தாள். திறந்ததும் வருகிற பெயரை மாற்றினாள். திரையில் ஒரு பூப்படம் வைத்தாள். மற்றதெல்லாம் அப்படியே.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. எந்த மிஷினின் அடிமூடியைக் கழற்றினாலும், திரும்ப மூடுவதற்கு முன் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் தேதியும் செய்த வேலையும் எழுதிவிடுவாள். அடுத்த முறை திறக்கும்போது வாடிக்கையாளர் கதை அளக்க முடியாது பாருங்கள்.

மூன்றாம் வருடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு திட்டம் செய்ய வேண்டும். பாப்பாவின் குழுவுக்குக் கண்ணாடிதான் தலைவன். பெரிய மருத்துவமனை ஒன்றில் வெளிநோயாளிகள் வரிசையில் நின்று சாகாமல், யார் எந்த அறைக்கு எப்போது போக வேண்டும் என்று கணினியே சொல்கிற ஏற்பாடு. எழுதிய நிரலையெல்லாம் இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் போட்டு வைப்பார்கள். போடுகிற ஒவ்வொரு துண்டிலும், எழுதியவர் யார், எந்தத் தேதி என்று மிஷினே முத்திரை குத்திவிடும். பாப்பா ஒரு வருடம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாலாம் வருடம் பிறந்ததும் துறையின் அறிவிப்புப் பலகை நிரம்பி வழிந்தது. வளாகத்துக்கே வந்து வேலை கொடுக்கும் நிறுவனங்கள், மேற்படிப்புத் தேர்வுகள், உதவித்தொகைகள். அவற்றுக்கு நடுவில் ஒரு தாள்: நாட்டிலேயே பெரிய ஆய்வு நிலையம், குழுவுக்கு ஒரே ஒருவரை ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும்.

"அது கெடச்சா அங்க இருக்கிற பேராசிரியர்கள் கடிதம் குடுப்பாங்கம்மா. அந்தக் கடிதம் இருந்தா வெளிநாட்டுல ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம், படிக்கப் பணமும் அவங்களே குடுப்பாங்க"என்றாள் பாப்பா. "மார்க் கேக்க மாட்டாங்க. கிடங்குல யார் என்ன எழுதுனாங்கன்னு மட்டும்தான் பார்ப்பாங்க."

"மார்க் கேக்காத எடமா? அப்ப அது நமக்குன்னே செஞ்ச எடம்டீ"என்றாள் போர்டக்கா.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாத்தனார் இனிப்பு டப்பாவோடு கடை வாசலில் வந்து நின்றாள். அவள் கடைக்கு வருவதே அபூர்வம். புடவையில் தூசி பட்டுவிடும்.

"அண்ணி, வாயத் தொறங்க. கண்ணாடிக்கு ஆய்வு நிலையத்துல கெடச்சிருக்கு. நாளைக்கு மத்தியானம் துறையிலேர்ந்து உறுதிக் கடிதம் போயிடுமாம்."

போர்டக்கா இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு?"என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"ஒருத்தருக்குத்தானே அண்ணி? அவளும் கூட இருந்து ஒத்தாசை பண்ணியிருக்கா, இல்லேன்னு சொல்லல. எப்படியோ அவளுக்கும் ஏதாவது அமையும்."

மறுபடியும் அந்த 'எப்படியோ'. நாத்தனாரின் முதுகு தெருமுனையில் மறைந்த உடனே கடையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டும் புருஷன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பாப்பா கிடங்கைத் திறந்து காட்டினாள். கண்ணாடியின் பெயரில் நானூற்றுச் சொச்சம் துண்டுகள். பாப்பாவின் பெயரில் பதினொன்று.

"பதினொண்ணா? ஒரு வருஷம் கண்ணு செவக்க உக்காந்தியேடி!"

"அது லேப்ல இருக்கிற மிஷின்ல எழுதுனது"என்றாள் பாப்பா. அவள் குரல் உடைந்திருந்தது. "வீட்ல எழுதுனது எல்லாம் அவன் பேர்ல இருக்கு. டாக்டர் லீவு போட்டா வரிசைய எப்படி மாத்துறதுங்கிற பகுதி முழுக்க நான் எழுதுனதும்மா. நான் ப்ரோகிராமத்தான் பாத்தேன், பக்கத்துல இருக்கிற பேர ஒருநாளும் பாக்கல."

"திருட்டுப் பய!"

"அவசரப்படாதே"என்றார் புருஷன். "என் தங்கச்சி பையன்..."

"ஒங்க தங்கச்சின்னா ஒடனே பிரேக் போட்டுருவீங்களே!"

பாப்பா மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓட, போர்டக்கா நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என் பொண்ணு ஒழைப்புக்கு ஒம் புள்ள பேர் போட்டுக்கிட்டான்! படிச்ச வீடாம்! இதுக்குத்தான் படிச்சீங்களா?"

கண்ணாடி வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அத்தை, நான் எதையும் மாத்தல. நான் தலைவன், எல்லாத்தையும் ஒண்ணு சேக்கிறது நான்தான், அதனாலதான் எண்ணிக்கை என் பேர்ல ஏறுதுன்னு நெனச்சேன். பாப்பா, உன் மிஷினக் காட்டு."

வாசற்படியிலேயே வைத்துத் திறந்து, ஒரு வரி தட்டினான். மிஷின் பதிலாக ஒரு பெயரையும் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் காட்டியது. இரண்டும் கண்ணாடியினுடையவை. இரண்டு வருடத்துக்கு முன் அவனே போட்டு வைத்தவை. அதைத்தான் மிஷின் பாப்பாவின் துண்டு ஒவ்வொன்றிலும் விசுவாசமாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

நாத்தனார்தான் கேட்டாள், அழுத்தம் திருத்தமாக. "மிஷின அவளுக்கு யார் குடுத்தது அண்ணி? தொடச்சுதானே குடுத்தீங்க?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது. இருபத்தைந்து வருடத் தொழில். போர்டக்காவின் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"தொடைக்காமக் குடுப்பேனா? நான் யாருன்னு நெனச்சே?"

மறுநாள் காலை பத்து மணிக்குத் துறைத்தலைவியின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். நரைத்த கிராப்பு, மேஜை நிறையத் தாள்கள், ஓரத்தில் ஆறிப்போன காபி. மிஷினைத் துடைத்துத்தான் கொடுத்தேன் என்று போர்டக்கா சொன்னதையும் சேர்த்து, அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பாருங்கம்மா, நான் யாரையும் தப்பு சொல்லல. ஆனா டிஸ்க தொடச்சுட்டா அந்தப் பேர் அதுல இருக்க வழியே இல்ல. தொடச்ச மிஷின்ல இவன் பேர் வந்திருக்குன்னா, பின்னால இவனே உக்காந்து வேலை செஞ்சிருக்கணும். இல்லேன்னா இன்னிக்குப் பிரச்சனை பண்ண யாரோ போட்டிருக்கணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க பொண்ணுக்கு நல்லதில்ல. மத்தியானம் நான் கடிதம் அனுப்பியாகணும்."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அந்த மிஷினில் என்னென்ன பழையது கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பெற்றவளை மற்றவர் முன்னால் பொய்க்காரி ஆக்க அவளுக்கு வாய் வரவில்லை. கண்ணாடியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் தெரியும். அவனுக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. நாத்தனார் கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், வென்றுவிட்டவள் மாதிரி.

போர்டக்காவுக்கு அந்த நிமிர்வைப் பார்க்கப் பார்க்க உள்ளே கொதித்தது. இவள் முன்னாலா? வேறு யார் முன்னால் என்றாலும் சொல்லிவிடலாம். இவள் முன்னால் எப்படி? கடிகாரத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"மேடம், அந்தத் தாளக் கொஞ்சம் தள்ளுங்க."

மிஷினைக் கவிழ்த்துப் போட்டாள். பத்துத் திருகாணி. அவள் கழற்றிய வேகத்தில் துறைத்தலைவி தன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அடிமூடியைத் தூக்கி, உட்புறத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காது. நீங்களே படிங்க."

அவர் சத்தமாகப் படித்தார். முதலில் தேதி, திட்டம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு. அதன்கீழே: "கண்ணாடி குடுத்தது. விசிறி புதுசு. கீல் புதுசு. டிஸ்க் தொடவில்லை. பாப்பாவுக்கு."

"டிஸ்க் தொடவில்லை"என்று அவர் இன்னொரு முறை படித்தார்.

"தொடல"என்றாள் போர்டக்கா. "நேத்து சொன்னது பொய். இவங்க பையன் மண்டையில இருக்கிறது என் பொண்ணுக்கும் ஒட்டிக்கட்டும்னு அப்படியே விட்டேன். பேராசை. அவன் திருடல. தொழில் தெரிஞ்ச நான் பண்ணுன தப்பு." கொஞ்சம் நிறுத்தி, "இருபத்தஞ்சு வருஷத்துல இது ஒண்ணுதான், அதையும் எழுதிக்குங்க"என்றாள்.

துறைத்தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூடியைக் கைப்பேசியில் படம் எடுத்தார். அன்றைய கடிதம் இரண்டு பேர் பெயரோடும், நடந்த விவரத்தோடும் போயிற்று.

வெளியே வராந்தாவில் கண்ணாடி பக்கத்தில் வந்தான். "நான் முந்தியே சொல்லியிருக்கணும் அத்தை."

"நீ சொல்லியிருந்தா நான் மாட்டிக்கிட்டேன்னு ஆகியிருக்கும். நானே தொறந்து காட்டுனேன் பாரு, அதுக்கு வேற மரியாதைடா."

அடுத்த வாரம் ஆய்வு நிலையம் இருவரையும் தொலைபேசியில் அழைத்தது. இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி: நடுவில் ஒரு மருத்துவர் விடுப்பு எடுத்தால், வரிசை எப்படி மாறுகிறது? கண்ணாடி கால் மணி நேரம் பேசினான். பாப்பா ஒரு மணி நேரம் பேசினாள், தன்னுடைய இரண்டு பிழைகளையும் தானே சொன்னாள். இடம் பாப்பாவுக்கு.

போர்டக்கா இனிப்பு டப்பாவோடு நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள். வாயில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். எப்படியோ கெடச்சுதே, அதுவே பெரிசு. வாசலில் நாத்தனாரின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அந்த வார்த்தையை மென்று விழுங்கி, "எடுத்துக்கோ"என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் அதை நினைத்து வருத்தப்பட்டாள். எவ்வளவு நல்ல வாக்கியம், வீணாகிவிட்டதே!

பாப்பா கிளம்புவதற்கு முந்தின நாள், எழுதியதையெல்லாம் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, போர்டக்கா அந்த மிஷினை முழுதாகத் துடைத்தாள். பாப்பாவின் பெயரைப் பாப்பாவையே தட்டச் சொன்னாள். அடிமூடியில் பழைய வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதினாள்: "டிஸ்க் சுத்தம். பாப்பா பேர் போட்டாச்சு."

அப்போது கடை வாசலில் நிழல் விழுந்தது. நாத்தனாரும் கண்ணாடியும். வளாகத்துக்கு வந்த நிறுவனம் ஒன்று அவனை எடுத்துக்கொண்டதாம். பாப்பாவுக்கு அங்கே கிடைக்கிற உதவித்தொகையைப் போல மூன்று மடங்கு சம்பளம். அதை நாத்தனார் இரண்டு தடவை சொன்னாள். மிஷினும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி பையிலிருந்து எடுத்துக் காட்டினான். நோட்டுப் புத்தகத்தைவிட மெல்லிசு.

போர்டக்கா அதைக் கையில் வாங்கினாள். எடை பார்த்தாள். கவிழ்த்தாள். ஒரு திருகாணி கூட வெளியே தெரியவில்லை. மூன்று மடங்கு என்ற சொல் உள்ளே எங்கேயோ போய்ச் சுருக்கென்று குத்தியது.

"நல்லாத்தான் இருக்கு"என்றாள். பிறகு விரல் நகத்தால் விளிம்பைத் தடவிக்கொண்டே, "ஏண்டா கண்ணாடி, இத ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துட்டுத் தரட்டுமா?"

"வேலை போயிடும் அத்தை!"

"அப்படியா"என்றாள் போர்டக்கா. மிஷினைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.